சத்துப் பொடி சாப்பாட்டுக்கு ஈடாகுமா? முதலில் ஸ்கூப்பை எண்ணுவோம்

மூன்று வேளைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு சத்துபானம் மட்டும் குடித்து ஒருவர் வாழ முடியுமா? முடியும். விழுங்க முடியாத நோயாளிகள் மூக்குவழிக் குழாயிலோ வயிற்றில் துளையிட்டு வைத்த பெக் குழாயிலோ இறங்கும் திரவ உணவை மட்டும் நம்பி வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். அதனால் "இதெல்லாம் உணவே இல்லை" என்று அடித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த நோயாளிக்கு எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், எவ்வளவு தண்ணீர் என்று ஒருவர் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்கிறார். எடை பார்க்கிறார்கள், ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பிலிருந்து டின் வாங்கி வரும் வீட்டில் இந்தக் கணக்கு நடப்பதில்லை. பொடி மட்டமாக இருந்து இளைப்பவர்களைவிட, கணக்கு விட்டுப்போய் இளைப்பவர்கள்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியவர்களுக்கான வழக்கமான முழுச்சத்துப் பொடியை எடுத்துக்கொள்வோம். டின்னில் அச்சிட்டிருக்கும் செய்முறை பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஆறு ஸ்கூப், அதாவது சுமார் 53 கிராம் பொடி, 195 மி.லி. தண்ணீரில். கலக்கினால் ஏறக்குறைய 230 மி.லி. பானம் கிடைக்கும். அதில் 230 கலோரி, 8 முதல் 10 கிராம் புரதம். மி.லி.க்கு ஒரு கலோரி என்பதுதான் இந்த வகைப் பானங்களின் பொது அளவு. (கலோரி என்று நான் எழுதுவது டின்னில் கிலோகலோரி என்று போட்டிருப்பதைத்தான்.)

வீட்டில் நடப்பது வேறு. 150 மி.லி. பாலில் இரண்டு ஸ்கூப் போட்டுக் கலக்கி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு ஸ்கூப்பில் சுமார் 80 கலோரியும் 3 கிராம் புரதமும்தான் உண்டு. அந்தப் பாலிலேயே 90 கலோரியும் 5 கிராம் புரதமும் இருக்கின்றன. பொடியைவிடப் பால்தான் அதிகம் கொடுக்கிறது! இரண்டு டம்ளரும் சேர்ந்து 340 கலோரி, 16 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள வயதான அம்மா ஒருவருக்கு நாளைக்கு 1500 கலோரிக்குப் பக்கத்திலும், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வீதம் 50 முதல் 60 கிராம் புரதமும் வேண்டும். சோறு இறங்கவில்லை, ஆனால் "ரெண்டு வேளை சத்துப் பவுடர் குடிக்கிறாங்க" என்று வீடே நிம்மதியாக இருக்கும்போது, தேவையான கலோரியில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் அவருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்தில் ரவிக்கை தொளதொளத்துவிடும்.

அதே அம்மா அந்தப் பானத்தை மட்டுமே உணவாகக் கொள்ள வேண்டுமானால் ஆறரை டம்ளர் குடிக்க வேண்டும். பொடி ஒரு நாளைக்கு சுமார் 345 கிராம். 400 கிராம் டின் ஒன்று ஒரு நாளைத் தாண்டிக் கொஞ்சம் வரும். மாதத்துக்கு 26 டின். 2000 கலோரி தேவைப்படும் நடுத்தர வயது ஆணுக்கு ஒரு டின் ஒரு நாளைக்கே போதாது. உங்கள் கடை விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, முழு மாற்று சாத்தியமா என்று முடிவு செய்யுங்கள். பாதி வழியில் பணம் முட்டும் என்று தெரிந்தால், தொடங்கும்போதே உணவோடு சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. ஆறரை டம்ளரில் சேரும் தண்ணீர் 1270 மி.லி. அளவுதான். கிலோவுக்கு 30 மி.லி. என்று வைத்தாலே 50 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். சோறு, ரசம், மோர் எல்லாவற்றிலும் நாம் தெரியாமலே தண்ணீரைச் சாப்பிட்டுவந்தோம், அது நின்றுபோகிறது. இதயம், சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் அந்த அளவே செல்லும். மற்றவர்களுக்கு 250 முதல் 500 மி.லி. வெறும் தண்ணீர் தனியாக வேண்டும். அளவு குறைவாகக் குடிப்பதால் பொடியைக் கூட்டிக் கெட்டியாகக் கலக்குவதும் சிக்கல்தான். செறிவு கூடினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். உடனே "பவுடர் ஒத்துக்கலை" என்று டின்னை மூலையில் வைத்துவிடுவார்கள்.

அடுத்தது, எந்த டின் என்பது. கடையில் ஒரே அலமாரியில் நான்கு வெவ்வேறு பொருள்கள் நிற்கின்றன. முழுச்சத்துப் பொடி ஒன்று. இதில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாதுக்கள் எல்லாம் கணக்கிட்டுச் சேர்த்திருப்பார்கள். எடை குறைக்க விற்கும் உணவு மாற்று ஷேக் இன்னொன்று. கோடெக்ஸ் என்னும் உலக உணவுத்தர அமைப்பு 1991இல் இதற்கு வகுத்த தரப்படி ஒரு வேளைக்கு 200 முதல் 400 கலோரி இருக்க வேண்டும், அதில் 25 முதல் 50 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும். உங்கள் கையிலிருக்கும் ஷேக் பாக்கெட் ஒரு வேளைக்கு 120 கலோரி என்று காட்டினால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது ஒரு வேளை உணவு ஆகாது.

மூன்றாவது மால்ட் பானங்கள். 2024 ஏப்ரலில் இந்திய வர்த்தக அமைச்சகம், இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற வகையில் காட்டக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. ஹார்லிக்ஸும் தன் வகைப் பெயரை அப்போதுதான் மாற்றிக்கொண்டது. பாலுக்குச் சுவையூட்டும் பொருளாக இவை இருக்கட்டும், சாப்பாட்டின் இடத்தில் வைக்க வேண்டாம்.

நான்காவது ஜிம்மில் வாங்கும் புரதப் பொடி. 30 கிராமில் 24 கிராம் புரதம், 120 கலோரி, அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. இதைச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் கசப்பான வரலாறு இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில், எடை குறைக்க திரவப் புரதத்தை மட்டும் குடிக்கும் முறை அங்கே பரவியது. அந்தப் புரதம் பெரும்பாலும் கொலாஜன். விலங்குத் தோலிலிருந்தும் இணைப்புத் திசுவிலிருந்தும் எடுத்தது. டிரிப்டோஃபான் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் இல்லை. நாளைக்கு 300, 400 கலோரி, தாதுக்களும் குறைவு. ஐம்பதுக்கும் மேற்பட்ட இறப்புகள் பதிவாகி அரசு விசாரணைக்கு வந்தன. இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று நின்றுபோன இறப்புகள் அவை. தோல் பளபளப்புக்கென்று இன்று நம் ஊரில் விற்கும் கொலாஜன் பொடியைக் காலை உணவாகக் குடிப்பவர்களைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வருகிறது.

முழுச்சத்து என்று போட்ட டின்னையே எடுத்துக்கொண்டாலும் ஒரு ஆபத்து பாக்கி இருக்கிறது. அது எந்தக் கம்பெனியின் குற்றமும் அல்ல, ஒரே மூலத்தை நம்பும் எந்த உணவுக்கும் உள்ளது. சாம்பாரில் இல்லாதது கீரையில் வரும், கீரையில் இல்லாதது மீனில் வரும். ஒரே பொடியைக் குடிப்பவருக்கு அந்தப் பொடியில் இல்லாதது எங்கிருந்தும் வராது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு திரவக் குழந்தைப்பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியபோது வைட்டமின் பி6 அழிந்துபோனது. குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. 1979இல் அதே நாட்டில் சோயா குழந்தைப்பால் ஒன்றில் குளோரைடு குறைந்துபோக, குழந்தைகள் வளராமல் சோர்ந்தன. மறு ஆண்டு குழந்தைப்பாலுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. 2003இல் இஸ்ரேலில் ஒரு சோயா குழந்தைப்பாலில் தயமின் என்னும் பி1 இல்லாமல்போக, குழந்தைகள் இறந்தன, பிழைத்த சிலருக்கு நரம்பு பாதிப்பு நிலைத்துவிட்டது. நியூசிலாந்தில் ரத்தக்குழாய் வழியாக மட்டும் ஊட்டம் பெற்ற நோயாளி ஒருவருக்குத் தசைவலி வந்து நடக்க முடியாமல்போனதை 1979இல் மருத்துவர்கள் எழுதினார்கள். செலினியம் என்னும் தாதுவைக் கொடுத்ததும் சரியானது. மனிதருக்கு அந்தத் தாது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அதுவே ஒரு சான்றாக நின்றது.

இன்றைய தயாரிப்புகள் இந்தப் பாடங்களையெல்லாம் உள்வாங்கியவைதான். ஆனாலும் 2016இல், உணவு மாற்றுப் பொடி விற்கும் அமெரிக்காவின் சோய்லன்ட் நிறுவனம் தன் உணவு பார்களைத் திரும்பப் பெற்றது. பொடி விற்பனையையும் நிறுத்தியது. வயிற்று உபாதைப் புகார்களுக்கு நீர்ப்பாசியிலிருந்து எடுத்த மாவுதான் காரணமாக இருக்கலாம் என்று அந்நிறுவனமே சொன்னது. சாதாரணமாகச் சாப்பிடுபவருக்கு ஒரு பண்டம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதைத் தள்ளி வைப்பார். முழுக்கப் பொடியில் இருப்பவருக்கு அன்றைய உணவு முழுவதுமே போய்விடுகிறது.

முழு மாற்று வேலை செய்யும் என்று நிரூபணமான இடங்களும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமில்லை. குழந்தைகளுக்கு வரும் குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோயில், 6 முதல் 8 வாரம் வேறெதுவும் சாப்பிடாமல் திரவ உணவு மட்டும் கொடுப்பது முதல்நிலைச் சிகிச்சை. ஸ்டீராய்டு இல்லாமலே அழற்சி அடங்குகிறது, குழந்தையின் எடையும் ஏறுகிறது. அடுத்தது பிரிட்டனின் டைரக்ட் ஆய்வு. கிளாஸ்கோவின் மைக் லீனும் நியூகாசிலின் ராய் டெய்லரும் நடத்தியது, 2017இல் முடிவு வந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களுக்கு நாளைக்கு 825 முதல் 853 கலோரியில் ஷேக்கும் சூப்பும் மட்டும் மூன்று மாதம், தேவைப்பட்டால் ஐந்து மாதம். ஓராண்டு முடிவில் அந்தக் குழுவில் 46 சதவீதத்தினருக்கு மாத்திரை இல்லாமலே ரத்தச் சர்க்கரை, நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே வந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 4 சதவீதம். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆனது.

இந்த ஆய்வைச் சொல்லி விற்பவர்கள் விட்டுவிடும் பகுதி இதுதான்: முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் பிரஷர் மாத்திரைகளையும் மருத்துவர்கள் நிறுத்தினார்கள். பிறகு சாதாரண உணவை 2 முதல் 8 வாரத்தில் ஒவ்வொரு வேளையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதன் பின்னும் மாதாமாதம் பார்த்தார்கள். ஷேக் அங்கே ஒரு காலக்கெடு வைத்த மருந்து.

அதனால் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக முழு மாற்றில் இறங்கவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். கலோரி பாதியானால் தாழ்சர்க்கரை வரும் அபாயம் அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் இன்னொரு அபாயம்: மாவுச்சத்து மிகவும் குறைந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும், குளுக்கோமீட்டரில் எண் அதிகம் ஏறாமலே இருக்கும். குமட்டலும் மூச்சிரைப்பும் வந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தைராய்டு மாத்திரை போட்டவுடன் ஷேக் குடித்தால் அதிலிருக்கும் கால்சியமும் இரும்பும் மாத்திரையைக் கட்டிவைத்துவிடும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுபவர்களுக்கு டின்னிலிருக்கும் வைட்டமின் கே, மருந்தின் வேகத்தை மாற்றும். வலிப்புக்கான ஃபெனிடாயின் குழாய் உணவோடு சேர்ந்தால் சரியாக உறிஞ்சப்படாது. முன்னும் பின்னும் உணவை நிறுத்தி வைக்கும் நேரத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், உண்ணுதல் கோளாறு இருந்தவர்கள் எடை குறைப்பு ஷேக் பக்கமே போக வேண்டாம்.

வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் அபாயமும் சேர்ந்து வரும். கொழுப்பே இல்லாத பானம் குடித்தால் பித்தப்பை சுருங்குவதில்லை, பித்தம் தேங்கிக் கெட்டியாகிறது. நாளில் ஒரு வேளையாவது 10 கிராம் கொழுப்பு உள்ளே போக வேண்டும், அதாவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய் அளவு.

ஆரோக்கியமான ஒருவர் நேரம் இல்லாததால் ஒரு வேளைக்கு மட்டும் ஷேக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பசி திரவத்தை வேறு மாதிரிக் கணக்கெடுக்கிறது. பர்டூ பல்கலைக்கழகத்தில் 2000இல் வந்த சிறிய ஆய்வில் 15 பேருக்கு நாளைக்கு 450 கலோரியை நான்கு வாரம் ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் சோடா பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் காலத்தில் மற்ற உணவைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். சோடா காலத்தில் குறைக்கவே இல்லை, எடை ஏறியது. புரதமும் நாரும் உள்ள கெட்டியான ஷேக் சோடாவைவிட மேல்தான். என்றாலும் இரண்டு நிமிடத்தில் குடித்து முடித்தால் பதினொன்றரை மணிக்கு வடை கேட்கும். மெதுவாக, இருபது நிமிடமாவது எடுத்துக் குடியுங்கள். கூடவே ஒரு கொய்யாவோ கைப்பிடி வேர்க்கடலையோ மெல்லுங்கள். நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும், பல பொடிகளில் ஒரு டம்ளருக்கு 2, 3 கிராம்தான். அதுவும் பெரும்பாலும் இனுலின் (இன்சுலின் அல்ல, இது ஒரு நார்) போன்ற ஒரே வகை. சிலருக்கு வயிறு உப்பும், வேறு சிலருக்கு மலம் இறுகும்.

வயதானவர்களிடம் திரும்புகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் டின் திறக்கப்படுவது பெரும்பாலும் அவர்களுக்காகத்தான். சாப்பாட்டு நேரத்தில் ஷேக் கொடுத்தால் இருந்த பசியும் போய்விடும். இட்லியோ குழைந்த சாதமோ எவ்வளவு இறங்குமோ அவ்வளவு முதலில், ஷேக் இரண்டு மணி நேரம் கழித்து. நாளைக்கு 400 கலோரியும் 30 கிராம் புரதமும் இந்தக் கூடுதலிலிருந்து வர வேண்டும், ஒரு மாதமாவது தொடர வேண்டும் என்பது மருத்துவ ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. வழக்கமான பொடியில் இரண்டு டம்ளரில் 460 கலோரி வந்துவிடும், புரதம் 18 கிராம்தான். மீதிக்குப் புரதம் கூடிய வகையை வாங்குங்கள், அல்லது தண்ணீருக்குப் பதில் பாலில் கலக்குங்கள், முட்டை ஒன்று சேருங்கள். சிறுநீரக நோய் இருந்தால் இதில் எதையும் டயட்டீஷியனைக் கேட்காமல் செய்ய வேண்டாம். டயாலிசிஸுக்கு முன்னால் புரதம் குறைந்த பொடி, டயாலிசிஸ் தொடங்கிய பின் புரதம் கூடிய பொடி. ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

பக்கவாதம் வந்தவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, ஷேக்கையும் நிறுத்துங்கள். மெல்லிய திரவம்தான் மூச்சுக்குழாய்க்குள் எளிதில் நழுவும். சத்தான பானம் என்பதால் நுரையீரல் அதை மன்னிக்காது. விழுங்கும் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளர் பரிசோதித்து எந்தக் கெட்டித்தன்மை என்று சொன்ன பிறகு, கெட்டியாக்கும் பொடி சேர்த்துக் கொடுக்கலாம். உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், முடித்த பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு, பரிதவிப்பில் ஒரேயடியாக ஆறு டம்ளர் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. திடீரென்று மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் ஏறும், ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். தேவையில் பாதிக்கு மேல் போகாமல் தொடங்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் பட்டினி என்றாலோ உடல் எலும்பும் தோலுமாக இருந்தாலோ கிலோவுக்கு 10 கலோரியில், அதுவும் மருத்துவமனையில், தயமின் கொடுத்த பிறகு.

டின் கட்டுப்படியாகாதவர்களுக்குச் சத்துமாவு கைகொடுக்கும், அங்கேயும் அளவு பார்த்தால். 30 கிராம் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் 110 கலோரி, 4 கிராம் புரதம்தான். அதே மாவை 150 மி.லி. பாலில் காய்ச்சி, 5 மி.லி. நெய், 10 கிராம் வெல்லம், 10 கிராம் வறுத்த வேர்க்கடலைப் பொடி சேர்த்தால் 340 கலோரி, 11 கிராம் புரதம். கலோரியிலும் புரதத்திலும் டின் பானத்தின் ஒரு டம்ளரை மிஞ்சிவிடும். சர்க்கரை நோயாளிக்கு வெல்லத்தை விட்டுவிடுங்கள். கஞ்சி கெட்டியாகி இறங்கவில்லை என்றால் தண்ணீர் ஊற்றி நீர்க்க விடாதீர்கள். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, உலர்த்தி, கருகாமல் லேசாக வறுத்து அரைத்த மாவில் ஒரு டீஸ்பூன் எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய கெட்டிக் கஞ்சியில் கலந்து சில நிமிடம் கிளறுங்கள். முளையிலிருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும், சத்து அப்படியே இருக்கும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். ஆனால் சத்துமாவில் பி12 இல்லை, வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை, இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது. முழு மாற்றாக மாதக்கணக்கில் அதை மட்டும் கொடுக்க முடியாது.

கலக்கும் விதத்தில் கெடுவதும் நிறைய. அந்த டின்னுக்குள் இருக்கும் ஸ்கூப்பையே தலைதட்டி அளக்க வேண்டும். பிராண்டுக்கு பிராண்டு ஸ்கூப் அளவு மாறும். கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறிய தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு பொடி. கொதிநீரில் போட்டால் புரதம் திரியும், சில வைட்டமின்கள் வீணாகும். கலந்தது வெளியே இரண்டு மணி நேரம், மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம். குழாயில் தொங்கவிடும் பை நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீரால் குழாயைக் கழுவுங்கள், தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரத்தில் இருக்கட்டும். திறந்த டின்னை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக் கட்டியாகும். மூடியில் திறந்த தேதியை எழுதி மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள்.

வாரம் ஒரு நாள், காலையில், ஒரே மெஷினில் எடை பார்த்து டின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எடை கூட வேண்டியவருக்கு மூன்று வாரமாக ஏறவில்லை என்றால் முதலில் ஸ்கூப்பை எண்ணுங்கள், பிறகு டம்ளரில் மிஞ்சி வாஷ்பேசினில் போவதை அளங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பிராண்டை மாற்ற வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். ஏறத் தொடங்கிப் பசியும் திரும்பிவிட்டால், நிறுத்த வேண்டிய முதல் டம்ளர் மதிய உணவுக்கு முந்தையது. இரவு படுக்கும் முன் கொடுப்பதைக் கடைசியாக நிறுத்தலாம்.